பாறையைப் பிளந்த மருமகள்

சலவைக் கடையில் இஸ்திரி போடும் அவளைத் தெருவில் ‘பாறை’ என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் வாயிலிருந்து பிறந்த பெயர் அது.

மாமியார் வீட்டின் சமையலறைக்குப் பின்சுவரே கிடையாது, பாறைதான் சுவர். ஒரு காலையில் பார்த்தால் அதில் மேலிருந்து கீழாக விரிசல். விரலை நுழைக்கலாம்.

“இத்தனை வருஷமா அசையாத கல்லு. இவ கால் வெச்ச நேரம், பிளந்துடுச்சு” என்றாள் மாமியார். அன்றைக்கே தெருவுக்கு அவள் ‘பாறை’ ஆகிவிட்டாள்.

கல் பிளந்தால் கல்லை யாரும் பார்ப்பதில்லை. புதிதாக வந்தவளின் காலைப் பார்ப்பார்கள். இதைவிட மலிவான விசாரணை உலகத்தில் கிடையாது. பஸ் ஓட்டும் கணவன் அவள் துணிகளைப் பெட்டியில் அடுக்கினான். ஞாயிற்றுக்கிழமை தாய்வீடு. போனால் திரும்ப அழைக்க ஆள் வராது என்று அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை, விரிசலைப் பூச ஒரு கொத்தனார் வந்தார். அவர் பின்னாலேயே அவளும் மொட்டைமாடி வழியாகப் பாறைமேல் ஏறினாள். விரிசலின் வாயில், பறவை எச்சத்தில் முளைத்த ஏதோ ஒரு மரத்தின் கட்டை. வெட்டி ஆறிய வடுக்கள் ஒன்றின்மேல் ஒன்றாக. வேர் கல்லுக்குள் பெல்ட்டைப் போலத் தட்டையாக இறங்கியிருந்தது. சுற்றிலும் சோப்புத் தண்ணீரின் ஈரம்.

கீழே வந்து கேட்டாள்: “அத்தே, மேல இருக்கிற செடியை யார் வெட்டுறது?”

“வேற யாரு? வருஷா வருஷம் நான்தான் தலையை நறுக்குறேன்.”

“முதல்ல எப்போ வெட்டினீங்க?”

“இவன் அரை டவுசர் போட்ட காலத்துல” என்று மகனைக் காட்டினாள் மாமியார்.

“அப்போ நான் எங்கே இருந்தேன் அத்தே?”

கொத்தனார் சிரித்தார். “தலையை நறுக்கிட்டு, துணி துவைச்ச தண்ணியை வேருக்கு ஊத்தியிருக்கீங்கம்மா. அது உள்ளுக்குள்ள பருக்கப் பருக்க, கல்லு வழிவிட்டுத்தானே ஆகணும்?”

மன்னிப்பெல்லாம் அந்த வீட்டில் வழக்கமில்லை. “பெட்டி வழியில கிடக்கு. எடுத்து உள்ள வைடா” என்றாள் மாமியார் மகனிடம்.

அவன் மனைவியைப் பார்த்தான்.

“என்னை ஏன் பார்க்குறீங்க? அடுக்கினது நீங்க. நீங்களே பிரிச்சு வைங்க.”

அவன் ஒவ்வொரு துணியாக எடுத்து அலமாரியில் வைத்தான். மடிப்பு ஒன்றுகூட நேராக இல்லை. இஸ்திரி போடுகிறவளுக்குக் கை துறுதுறுத்தது. ஆனாலும் கடைசித் துணி வரை கட்டிய கையை அவள் அவிழ்க்கவில்லை.