பொட்டு வைத்த நாற்பது பெட்டிகள்

நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே ஒரு தொழிற்சாலையை ஆள வேண்டும் என்பது நாற்பத்தெட்டாவது வயதில் எனக்கு வந்த ஆசை. முட்டிவலி ஒரு காரணம். மற்ற காரணங்கள் எல்லாம் சோம்பேறித்தனம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு நடுத்தரக் கம்பெனியில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். இருபது வருடமாக என் வேலை நடப்பதுதான். ஸ்டோர்ஸில் ஒன்று படுத்துக்கொள்ளும், போய் எழுப்புவேன். அதற்குள் பெயின்ட் ஷாப்பில் இன்னொன்று படுக்கும். போன வருடம் நிர்வாகம் மனமிரங்கிப் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துவிட்டு நாற்பது தின் கிளையன்ட் வாங்கிக் கொடுத்தது. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்கென்று சொந்தச் சரக்கு எதுவும் கிடையாது. மென்பொருள், கோப்பு எல்லாம் என் அறையில் இருக்கும் சர்வரில். எந்தப் பெட்டிக்கு எந்தத் திரை வர வேண்டும், எந்த பிரிண்டரில் அச்சாக வேண்டும் என்பதை என் மேசையிலிருந்தே முடிவு செய்யலாம்.

பெட்டிகளைப் பொருத்த வந்த பெண் பொறியாளர் ஒரே ஒரு யோசனை சொன்னார். "சார், செட்டிங்ஸை ஆளோட கட்டுங்க, பெட்டியோட கட்டாதீங்க. பின்னாடி கஷ்டப்படுவீங்க."

நான் புன்னகைத்தேன். ஆளோடு கட்டினால் ஆளுக்கொரு பாஸ்வேர்ட் தர வேண்டும். எங்கள் ஆட்கள் அதை மானிட்டரிலேயே எழுதி ஒட்டுவார்கள், மறுநாள் மறந்துபோச்சு என்று போன் செய்வார்கள். பெட்டி எங்கே போய்விடப் போகிறது? பெட்டியோடுதான் கட்டினேன். காலையில் ஸ்விட்சைப் போட்டால் டிஸ்பாட்ச் பெட்டியில் கேட் பாஸ் திரை வரும்; அச்சிட்டால் எங்கள் கேட்டில் இருக்கும் பிரிண்டரில் சீலோடு பாஸ் விழும். கேன்டீன் பெட்டியில் டோக்கன் திரை வரும். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஸ்கெட்ச் பேனாவால் எண் எழுதி ஸ்டிக்கர் ஒட்டினேன். யாரும் நோண்டக் கூடாது என்று அமைப்புப் பக்கத்தைப் பூட்டினேன். "இனிமே நான் யார் சீட்டுக்கும் போக வேண்டியதில்லை சார்" என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் அதை மாதாந்திரக் கூட்டத்தில் வேறு சொன்னார்.

ஐந்து மாதம் அப்படியே நடந்தது. எனக்கு மூன்று கிலோ கூடியது. பிறகு ஆயுத பூஜை வந்தது.

முன்பெல்லாம் கம்ப்யூட்டருக்கு இருந்த இடத்திலேயே சந்தனம் வைத்துவிடுவார்கள். யார் அதைத் தூக்குவது? இந்தப் பெட்டிகளை ஒரு கையில் நான்கு தூக்கலாம். ஆண்டுதோறும் பூஜையைப் பொறுப்பேற்று நடத்தும் அக்கவுன்ட்ஸ் மேடத்துக்கு ஓர் அழகான யோசனை தோன்றியிருக்கிறது. நாற்பதையும் கழற்றி, ஈரத்துணியால் அடி, மேல் எல்லாம் துடைத்து, கேன்டீன் மேசையில் கொலு மாதிரி படி படியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பக்கத்தில் பொரி கடலையும் வைத்துவிட்டார்கள். நான் அன்று அரை நாள் லீவு. வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. திருநின்றவூர் போகும் ரயிலில் அதைப் பார்த்தேன். வீடிழந்து நிற்கும் என் நாற்பது பெட்டிகளைப் பார்த்து, கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன். மற்றவர்களை மன்னித்துவிட்டேன். அந்தக் கைகூப்பலை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

விடுமுறை முடிந்து திறந்த அன்று காலை ஒன்பது இருபதுக்கு முதல் போன். டிஸ்பாட்ச் சூப்பர்வைசர், பாடிப் பக்கத்துக்காரர்.

"இன்னா சார் இது, என் பொட்டில இட்லி எத்தினி, பொங்கல் எத்தினின்னு கேட்டுகினு கீது?"

"ரீஸ்டார்ட் பண்ணுங்க."

"மூணு வாட்டி பண்ணிட்டேன். இப்பவும் பொங்கல்தான். வண்டி லோடு ஏத்திகினு நிக்குது சார். பத்து மணிக்குள்ள கேட்ட தாண்டலன்னா என் கத கந்தல்."

அவர் மிகைப்படுத்தவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கார் தொழிற்சாலைக்கு மதியம் பன்னிரண்டுக்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும். ஏற்கனவே இரண்டு முறை தாமதம். மூன்றாவது முறை என்றால் டிஸ்பாட்ச்சை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று மேலாளர் எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். கையால் பாஸ் எழுதித் தரவும் முடியாது. அந்தக் கார் தொழிற்சாலை கேட்டில் பார்கோடு இல்லாத தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பெட்டிகளை மேய்க்கும் கன்சோலை என் திரையில் திறந்தேன். நாற்பது புள்ளிகளும் பச்சை. அதற்கு ஒரு குறையும் தெரியவில்லை. எல்லாப் பெட்டிகளும் உயிரோடு இருந்தன. எல்லாம் நான் சொன்னபடியே நடந்துகொண்டன. டிஸ்பாட்ச் பெட்டி எங்கோ ஒரு மேசையில் கேட் பாஸ் திரையைக் காட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. எந்த மேசை என்பதுதான் தெரியாது. பூஜை முடிந்து பெட்டிகளைத் திரும்ப வைத்தவர்கள் ஒயர்களையெல்லாம் சரியாகத்தான் மாட்டியிருந்தார்கள். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இருக்க, எதை எங்கே வைத்தால் என்ன? ஈரத்துணி என் எண்களை அழித்திருந்தது. அமைப்புப் பக்கத்தில் எண் தெரியும். அதைத்தான் நான் பூட்டி வைத்திருந்தேனே.

"யார் மேசையில் கேட் பாஸ் திரை?" என்று குழுவில் கேட்டேன். முப்பது பேர் தங்கள் திரையைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அதில் கேட் பாஸ் இல்லை. (பூட்டியிருந்த டைரக்டர் அறையில் அது இருந்தது. அவர் கோயம்புத்தூரில் இருந்தார்.)

ஒன்பது ஐம்பது. முட்டியை நினைத்துக்கொண்டேன். கன்சோலில் நாற்பதையும் தேர்ந்தெடுத்து, எல்லாப் பெட்டியும் டிஸ்பாட்ச் பெட்டிதான் என்று ஒரே சொடுக்கில் உத்தரவு போட்டேன். (பொங்கல் கேட்பது கேன்டீன் பெட்டி, அதை மட்டும் மாற்றினால் போதும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.)

தொழிற்சாலை முழுக்க நாற்பது திரைகள் ஒன்றாக அணைந்தன. "ஐயோ, பாதி அடிச்சிட்டிருந்தேனே!" என்று அக்கவுன்ட்ஸ் மேடம் அலறியது சுவரைத் தாண்டிக் கேட்டது. நான்கு நிமிடத்தில் நாற்பது மேசைகளிலும் கேட் பாஸ் திரை வந்தது. அதில் புறப்படக் காத்திருக்கும் வண்டி எண் ஒன்று. கீழே 'அச்சிடு' என்று சிவப்பாக மின்னும் பொத்தான் ஒன்று. மின்னுகிற பொத்தானைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆட்களா எங்கள் ஆட்கள்?

கேட்டிலிருந்து காவலாளியின் போன். "சார், ஒரே வண்டிக்கு ஏழு பாஸ் வந்துகீது. ஒரு வண்டிதான் நிக்குது. மிச்சம் ஆறு எங்க?"

"ஒண்ண வெச்சுக்கிட்டு மத்தத கிழிச்சுப் போடுங்க."

"எத சார் கிழிக்கிறது? ஏழுலயும் சீல் கீதே!"

வண்டி பத்து இருபத்தைந்துக்குக் கிளம்பியது. பூந்தமல்லியில் மெட்ரோ பள்ளங்களைத் தாண்ட வேண்டும். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். மேசை மேசையாகப் போய், பூட்டைத் திறந்து, எண்ணைக் குறித்து, திரும்பப் பூட்டி, அடுத்தது. விரலெல்லாம் காய்ந்த சந்தனம். பதினான்காவது மேசை அக்கவுன்ட்ஸ் மேடத்துடையது.

"ஸ்டிக்கரை அடியில ஒட்டினா யாருக்கு சார் தெரியும்? மேல ஒட்டியிருக்கலாமில்ல?"

மேலேதான் நீங்கள் பொட்டு வைப்பீர்களே என்று சொல்ல வாயெடுத்தேன். பூஜை விஷயத்தில் அவரோடு வாதாடியவர்கள் கம்பெனியில் யாரும் இல்லை.

பன்னிரண்டே முக்காலுக்குச் சூப்பர்வைசர் தேடிக்கொண்டு வந்தார். கையில் இரண்டு டீ. வண்டி பன்னிரண்டு ஐந்துக்குத்தான் போய்ச் சேர்ந்ததாம்.

"அஞ்சு நிமிஷம் லேட்டு. சரி, நம்ம சீட்டு கிழிஞ்சுதுன்னு நென்ச்சேன் சார். டிரைவர் போன் போட்றான். பத்து மணிலேந்து அங்க கேட்டே தொறக்கலியாம். பதினெட்டு வண்டி லைன்ல நிக்குதாம். அவங்க சிஸ்டம் படுத்துகிச்சாம்! லேட்டு அவங்க தலைல எழுதிகினாங்கோ."

"என்ன ஆச்சாம்?"

"யாருக்குத் தெரியும்? சிஸ்டம் ஆளு ஒர்த்தர் கைல நோட்டு வெச்சிகினு ஒவ்வொரு கேட்டா ஓடிகினு கீறாராம். டீ குடி சார். இன்னும் எத்தினி பொட்டி?"

"இருபத்தாறு."

டீயைக் குடித்தேன். அந்தக் கேட்டில் ஓடிக்கொண்டிருந்தவருக்கு முட்டி எப்படி இருக்குமோ என்று கொஞ்சம் கவலையாக இருந்தது. பிறகு பெயின்ட் ஷாப்புக்கு நடந்தேன்.