கையை விடு என்றது யார்

திண்டிவனத்தில் எங்கள் பள்ளி விடுதியில் சவுரியம்மாள் பன்னிரண்டு ஆண்டு சமைத்தாள். விழுப்புரத்துக்காரி. கணவன் இல்லை. ஒரே மகன் அருள்நாதன் 1938இல் ரங்கூனுக்குப் போனான்; அங்கே குண்டு விழுந்த பிறகு கடிதம் நின்றுவிட்டது. பெற்றவளே பிள்ளையைத் துரத்திவிட்டாள் என்று நாத்தனார் இருதயமேரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும், என்னிடம் கேட்டு வாங்கிய பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் சவுரியம்மாள் பென்சிலால் எழுதுவாள். எனக்குத் தெரிந்து ஒரு கதையைத்தான் முடித்தாள். 1944இல் அதை என்னிடம் நீட்டி, "பொஸ்தகத்துல போடுவாங்களா, பாருங்க டீச்சரம்மா" என்றாள்.

விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு தாய் மகனை வழியனுப்பும் கதை. மூன்று தாளிலும் ஒரு புள்ளி இல்லை, பத்தி இல்லை. அவள் கேட்க அவன் சொல்ல மணி அடிக்க என்று போய்க்கொண்டே இருந்து, கையை விடு என்று சொல்ல வண்டி நகர்ந்தது என்று முடிந்தது.

நான் தமிழோடு இங்கிலீஷும் படித்தவள். இங்கிலீஷ் நாவல்களில் ஒருவர் பேச்சு ஒரு வரி, மற்றவர் பேச்சு அடுத்த வரி. சென்னைப் பத்திரிகைகளும் அப்போது அப்படித்தான் கேட்டன. பழைய மாதிரி எழுதினால் திரும்பி வந்துவிடும். அவள் கதை திரும்பி வரக்கூடாது என்று இரண்டு நாள் உட்கார்ந்து நகல் எடுத்தேன். பேச்சுக்கெல்லாம் மேற்கோள் குறி போட்டேன். கடைசி வரியில் பேனா நின்றது. யார் சொன்னது? சமையற்கட்டு இருபதடி தூரம்தான். போய்க் கேட்கவில்லை. தாய் சொன்னால் உருக்கமாக இருக்கும் என்று தோன்றியது.

"கையை விடு!" என்றாள் தாய்.

பென்சில் தாள்களை அடுப்பெரிக்கும் காகிதத்தோடு போட்டேன்.

கதை அவள் பெயரோடு வந்தது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் இருதயமேரி பத்திரிகையோடு விடுதிக்கே வந்துவிட்டாள்.

"ஏன்டி, நான் சொன்னா சண்டைக்கு வந்தியே! இப்ப நீயே அச்சுல போட்டுக்கினியே, கையை உடுன்னு!"

"அது நான் எழுதலங்க அண்ணி."

"பின்ன யாரு, மாதாவே எறங்கி வந்து எழுதிட்டுப் போனாங்களா?"

சவுரியம்மாள் என் பக்கம் திரும்பவில்லை. வாசலில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை.

இருதயமேரி போன பிறகு, மகன் சொன்னதாகத் திருத்தம் போடச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றேன்.

"வேணாம் டீச்சரம்மா. அப்புறம் அது அவன் தலையில உழும். அந்தக் கூட்டத்துல யாரு சொன்னதுன்னு எனக்கே தெரியல. அதான் பேரு போடாம உட்டேன். என் தாளு இருக்குதா? அண்ணிகிட்ட காட்டணும்."

அடுப்புக்குப் போய்விட்டது என்றேன்.

"என் அடுப்புக்கா?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போனாள். அதன்பின் என்னிடம் தாள் கேட்டதில்லை.

இப்போது சில இளைஞர்கள் மேற்கோள் குறி இல்லாமல் கதை எழுதுகிறார்கள். புதுமை என்று பத்திரிகைகள் பாராட்டுகின்றன.

சென்ற மாதம் சவுரியம்மாளை விழுப்புரத்தில் அடக்கம் செய்தார்கள். மண் போடும்போது இருதயமேரி என் பக்கத்தில்தான் நின்றாள். அந்த வரி என்னுடையது என்று அப்போதும் நான் சொல்லவில்லை.