அக்னெஸ் அக்காவின் ஒல்லாந்துக் கதிரைகள்

மொன்றியலில் யூலை முதலாம் தேதி வீடு மாறும் நாள். நகரத்தில் வாடகைக்கு இருப்பவர்களில் பாதிப்பேர் அன்றைக்குத்தான் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவார்கள். கொண்டுபோக விருப்பமில்லாத சாமான்களை நடைபாதையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். 2001ஆம் ஆண்டு அந்த நாளில் நானும் வீடு மாறினேன். கோப்பை பீங்கான்களை உடையாமல் கட்டுவதற்கு என் மனைவிக்கு உதவியாக அக்னெஸ் அக்கா வந்திருந்தார். கடைசிச் சுற்றில் என் வானின் முன் இருக்கையில், மடியில் ஒரு பெட்டி கிளாசுகளோடு இருந்தவர், திடீரென்று கத்தினார்.

"ரவி, நிப்பாட்டும்! நிப்பாட்டும்!"

யாரையோ இடித்துவிட்டேன் என்று நினைத்துப் பிரேக்கை அழுத்தினேன். அக்கா பெட்டியை என் கையில் தந்துவிட்டு இறங்கி ஓடினார். நடைபாதையில், கிழிந்த மெத்தைக்கும் உடைந்த தொலைக்காட்சிக்கும் நடுவில் ஒரு கதிரை கிடந்தது. இருக்கைத் துணி கிழிந்து பஞ்சு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அக்கா அதைத் தலைகீழாகப் புரட்டினார். பிறகு அதன் தேக்குக் கையில் பெருவிரலை வைத்து மெல்ல ஓட்டிக்கொண்டு போனார். படகுத் துடுப்பைப் போல முன்னால் அகன்று, பின்னால் ஒடுங்கிப் போகும் கை. எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று விரலுக்குத் தெரியவில்லை.

"இதைச் செய்தவன் அவசரப்படேல்லை, ரவி," என்றார்.

இருக்கைக்கு அடியில் மரத்தில் சுட்டுப் பதித்த எழுத்துகள் இருந்தன. ஒல்லாந்தில், அதாவது நெதர்லாந்தில், செய்தது என்பது மட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்தது.

அக்காவும் நானும் சென்ட் லோரன்டில் விமான இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து வேலை செய்தவர்கள். நான் இரண்டு வருடத்தில் தையலை விட்டுவிட்டு வான் வாங்கிச் சாமான் ஏற்றி இறக்கப் போனேன். அக்கா அங்கேயே இருந்தார். மன்னார்க்காரி, எண்பத்தொன்பதில் கனடாவுக்கு வந்தவர். கணவர் கிறகரி அண்ணைக்குத் துறைமுகத்துக் களஞ்சியம் ஒன்றில் இரவு வேலை. ஒரே மகள் றொஷினி. அதுவரை அக்காவுக்குக் கதிரைகளில் தனியான பிரியம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது. ஆனால் நாள் முழுக்க இருக்கைகளைத் தைத்தவருக்கு ஒன்று தெரிந்திருந்தது. வானில் கதிரையை ஏற்றிய பிறகு அதைச் சொன்னார்.

"நாங்கள் தைக்கிற சீற்றிலை இருக்கிற சனம், எப்ப இறங்கலாம் எண்டுதான் பாத்துக்கொண்டிருக்கும். இது அப்பிடியில்லை. இதிலை இருந்தால் எழும்ப மனம் வராது."

கிறகரி அண்ணை வாசலிலேயே மறித்தார். "குப்பையிலை கிடந்ததோ? மூட்டைப்பூச்சி வீடு முழுக்கப் பரவும். உள்ளை கொண்டு வராதையும்!"

"உள்ளை வேண்டாம். பல்கனியிலை இருக்கட்டும்."

பல்கனியிலேயே துணியையும் பஞ்சையும் உரித்துக் கட்டி எறிந்தார். மரத்தைக் கழுவி, தேய்த்து, எண்ணெய் பூசினார். தொய்ந்துபோன ரப்பர் பட்டிகளைக் கழற்றிப் புதியவை இழுத்து அடித்தார். சனி, ஞாயிறுகளில் மட்டும் செய்த வேலை. முடியும்போது மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கியிருந்தன. ஒரு காலை, வேலையால் வந்த கிறகரி அண்ணை சப்பாத்தைக் கழற்றுவதற்காக அந்தக் கதிரையில் இருந்தார். ஒரு சப்பாத்தைத்தான் கழற்றினார். மற்றதோடேயே மத்தியானம் வரை நித்திரை. அதன்பிறகு மூட்டைப்பூச்சியைப் பற்றி அவர் கதைக்கவில்லை.

அதிலிருந்து அக்காவின் சனிக்கிழமைகள் மாறிப்போயின. விடிந்ததும், வீட்டுக்காரர் தங்கள் வாசலிலேயே பழையதை விற்கும் கராஜ் சேல்களுக்கும் கிறிஸ்தவக் கோயில் மண்டபங்களில் நடக்கும் பழைய சாமான் விற்பனைகளுக்கும் போவார். பெரிய சாமான் என்றால் எனக்குத் தொலைபேசி வரும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ஒல்லாந்திலிருந்து கனடாவுக்குக் குடிவந்தவர்கள் பலர், தங்கள் வீட்டுச் சாமான்களைப் பெரிய மரப்பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்று எங்கேயோ கேட்டறிந்து வந்து சொன்னார். அந்தத் தலைமுறை இப்போது வயதாகி, சாமான்களை விற்று வீடுகளை ஒழித்துக்கொண்டிருந்தது.

"டென்மார்க் கதிரையளைத் தேடி எல்லாரும் திரியினம். இதுகளை ஆரும் கணக்கெடுக்கினமில்லை. அதுதான் எனக்கு இதிலை விருப்பம்."

பாஸ்டோ, ஆர்ட்டிஃபோர்ட், கிஸ்பன் என்று எங்களுக்கு வாயில் நுழையாத கதிரைக் கம்பெனிகளின் பெயர்களை, சொந்தக்காரரின் பெயர்களைப் போலச் சொல்வார். மற்றவர்களுடைய வீடுகளுக்குப் போனாலும் குனிந்து கதிரையின் அடியைப் பார்த்துவிட்டுத்தான் அதில் இருப்பார். ஒரு முறை கலியாணம் பேசப் போன வீட்டில் இப்படிச் செய்ததும், மாப்பிள்ளை பகுதியார் கதிரையில் ஏதோ ஊத்தை இருக்கிறதாக்கும் என்று துடைக்க ஓடினார்கள்.

எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் அவரைப் பகிடி பண்ணாத ஆள் இல்லை. பங்கின் பெரிய மனுஷி அல்போன்சம்மா பகிடியாக இல்லாமல் உண்மையாகவே கோபப்பட்டார்.

"பிள்ளை, ஊரைப் பிடிச்சு ஆண்ட ஒல்லாந்தர் எங்கடை சனத்தை என்ன பாடு படுத்தினவங்கள்! கோயிலைப் பறிச்சு, குருமாரைக் கலைச்சவங்கள். அவங்கடை கதிரையை நீ நடு வீட்டிலை வைச்சிருக்கிறாய்."

"அவங்கள் எங்கடை கோயிலிலை இருந்தவங்கள். நாங்கள் அவங்கடை கதிரையிலை இருப்பம், மாமி. வாங்கோ, இருங்கோ."

அல்போன்சம்மா இருந்தார். இரண்டு தரம் தேத்தண்ணி குடிக்கும் வரைக்கும் எழும்பவில்லை.

அக்காவிடம் ஒரு சட்டம் இருந்தது. எந்தக் கதிரையையும் பார்வைக்கு மட்டும் என்று வைக்கக்கூடாது. வந்தவர்கள் எல்லாரும் எல்லாவற்றிலும் இருக்கலாம். பிள்ளைகள் ஏறிக் குதிக்கலாம். 2004இல் நகரத்தின் மேற்கே பியர்பொன்ட்சில் மாடியில்லாத ஒரு சின்ன வீடு வாங்கிப் போனார்கள். நிலக்கீழ் அறை முழுவதும் கதிரைகளும் நீளச் செற்றிகளுமாக நிறைந்தது. அங்கே வந்த ஒரு செற்றியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அதை எடுக்கப் போன வீடு நகரத்தின் கிழக்கே, மூன்றாம் மாடி. வெளியே சுருண்டு இறங்கும் இரும்புப் படி, அதில் உறைபனி. நானும் கிறகரி அண்ணையும் முதல் வளைவிலேயே செற்றியோடு சிக்கிக்கொண்டோம். மேலேயும் ஏற முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. அக்கா எங்களுக்கு அடியால் நுழைந்து வந்து, கோட்டுப் பையிலிருந்து போல்ட் கழற்றும் சாவியொன்றை எடுத்து, பிடித்துக்கொண்டு நில்லுங்கோ என்றார். நான்கு போல்ட்டுகளைக் கழற்றியதும் அந்த யானை மூன்று துண்டுகளாகப் பிரிந்தது. "அவங்கள் இதைக் கப்பலிலை ஏத்தத்தான் செய்தவங்கள்," என்றார். கிறகரி அண்ணை செற்றியின் முதுகுத் துண்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினார்.

2006ஆம் ஆண்டு வசந்தத்தில், பியர்பொன்ட்சிலேயே ஒரு கராஜ் சேலில் உயர்ந்த முதுகுள்ள கதிரை ஒன்று கிடைத்தது. தலைக்கு இரு பக்கமும் காது மாதிரி மடிந்த அணைப்பு. அந்துப்பூச்சி அரித்த, நிறமே தெரியாத கம்பளித் துணி. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்தான் விற்றுக்கொண்டிருந்தார். தாயை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வீட்டை ஒழிப்பதாகச் சொன்னார். கதிரையை வானில் ஏற்ற அவரும் ஒரு பக்கம் பிடித்தார்.

அக்கா அந்தக் கதிரையில் செய்ததுதான் அவருடைய மிகச் சிறந்த வேலை. கடுகு மஞ்சளில் புதுக் கம்பளி. காதுகளின் வளைவு முழுவதும் கையால் தைத்தது. தையல் எங்கே தொடங்குகிறது என்று தேடினாலும் கிடைக்காது. ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு வியாபாரி அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அக்கா விலை கேட்கவே விடவில்லை. "இருந்து பாருங்கோ. பேந்து எழும்பிப் போங்கோ," என்றார்.

அந்த வருடக் குளிர் தொடங்கியபோது, கராஜ் சேலில் கண்ட பெண் என்னைத் தேடி வந்தார். வானில் எழுதியிருந்த என் பெயர் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அவருடைய பெயர் அனெக்க. தாய் வில்லெமினுக்கு மறதி நோய் முற்றிவிட்டது. இல்லத்தில் கொடுத்த எந்தக் கதிரையிலும் இருக்க மறுக்கிறார். கட்டில் விளிம்பிலேயே இருந்து இரண்டு முறை விழுந்துவிட்டார். தன் கதிரை எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அனெக்கவை அக்காவிடம் கூட்டிக்கொண்டு போனேன். நிலக்கீழ் அறையில் மஞ்சள் கதிரையைக் கண்டதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மிகவும் அழகாக இருக்கிறது," என்றார் ஆங்கிலத்தில். "திருப்பிக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும்."

அக்கா யோசிக்கவேயில்லை. "ரவி, வானைத் திருப்பி விடும்."

அன்று பின்னேரமே இல்லத்துக்குப் போனோம். வில்லெமின் மெலிந்த, நிமிர்ந்த மனுஷி. கதிரையை மேலும் கீழும் பார்த்தார். ஒல்லாந்து மொழியில் ஏதோ சொன்னார். அனெக்க தரையைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"இது யாரோ பணக்காரருடைய கதிரையாம். அவர்கள் தேடுவார்களாம். கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டுமாம்."

கதிரையைத் திரும்பவும் வானில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வீட்டுக்குப் போனதும் அக்கா கோட்டைக் கூடக் கழற்றாமல், சின்னக் கத்தியை எடுத்துத் தையலை அறுக்கத் தொடங்கினார்.

கிறகரி அண்ணை பதறிப்போனார். "ஐயோ, இஞ்சை பாரும்! எத்தினை மாசமாய்த் தைச்சனீர்!"

"அவவுக்கு இது வேறை ஆற்றையோ கதிரை. நான்தான் வேறையாக்கினனான்."

பழைய துணியை முன்னமே எறிந்துவிட்டிருந்தார். ஆனால் கதிரையின் மரச் சட்டத்தின் ஒரு மூலையில், ஆணியொன்றின் அடியில் விரல் நகமளவு கம்பளி தப்பியிருந்தது. கழுவிப் பார்த்தபோது சாம்பல் கலந்த பச்சை. அதைக் கையில் வைத்துக்கொண்டு சென்ட் ஹியூபர்ட் தெருவில் உள்ள துணிக்கடைகள் முழுவதும் ஏறி இறங்கினார். "பொன்ஜூர்" என்று உள்ளே போவார், அந்தத் துண்டை நீட்டுவார், "மெர்சி" என்று வெளியே வருவார். கடைசியில் ஒரு கடையின் பின் அறையில், விலைப்படாமல் கிடந்த சுருள் ஒன்று பொருந்தியது.

அதன்பிறகு அவர் செய்ததுதான் எங்களுக்கு விளங்கவில்லை. புதுத் துணியைத் தைத்து முடித்துவிட்டு, கைகள் படும் இடங்களைக் கரடுக் கல்லால் தேய்த்து நூலை மெலிய வைத்தார். இருக்கைக்குள் போட்ட நல்ல ஸ்பொன்ஜை வெளியே எடுத்து, நடுவில் செதுக்கிக் குழியாக்கினார். பழைய கதிரையில் இடப்பக்கம்தான் கூடத் தாழ்ந்திருந்தது என்று நினைவுபடுத்தி, அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் செதுக்கினார். பழையதைப் புதிதாக்கிப் பெயரெடுத்த கை, இப்போது தன் வேலையைத் தானே பழசாக்கிக்கொண்டிருந்தது. ஒரு இழை கோணினாலும் பிரித்துத் திரும்பத் தைப்பவர் அவர். தேய்க்கத் தேய்க்க அவருடைய முகம் சுளித்ததை நான் கண்டேன். ஆனாலும் நிறுத்தவில்லை.

இரண்டாம் முறை கொண்டுபோனபோது வில்லெமின் கட்டில் விளிம்பிலிருந்து எழுந்து வந்தார். கதிரையின் கையைப் பிடித்துத் திரும்பி, பின்னால் பார்க்காமலே அதில் இருந்தார். தலையை அதன் காது அணைப்பில் சாய்த்தார். சட்டைக் கையில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து, மெத்தைக்கும் கதிரைக் கைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் திணித்தார். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்துக் கோபமாக ஏதோ கேட்டார். அனெக்கவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன.

"இவ்வளவு காலமும் இதை யார் வைத்திருந்தது என்று கேட்கிறார்."

அக்கா கதிரைக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, தமிழிலேயே சொன்னார். "நான்தான் அம்மா. குறை நினையாதையுங்கோ."

வில்லெமின் அவருடைய கையைத் தட்டிக் கொடுத்தார். மன்னித்துவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டோம்.

அந்தக் குளிர்காலம் முழுவதும், பூசை முடிந்தால் அக்கா நேரே அந்த இல்லத்துக்குப் போவார். வில்லெமினுக்கு அவர் யாரென்று ஒருபோதும் தெரியவில்லை. ஒரு நாள் தாதி, ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி. இருவரும் அவரவர் மொழியில் கதைத்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் வில்லெமின் இறந்தார். விழுந்து அல்ல, நித்திரையில். அனெக்க கதிரையை அக்காவிடமே திருப்பிக் கொடுக்க வந்தார். அக்கா வாங்கவில்லை. "அங்கையே இருக்கட்டும். அந்த மண்டபத்திலை ஒரு நல்ல கதிரை இல்லை," என்றார். இன்றைக்கும் அங்கே அதற்குப் போட்டி என்று கேள்வி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முதலில் போகிறவருக்குத்தான் அது.

2008இல் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது அக்காவுக்கும் வேலை போனது. அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்து நானும் மனைவியும் பார்க்கப் போனோம். அவர் கராஜுக்குள் தையல் மெஷினை இறக்கிக்கொண்டிருந்தார். அனெக்க தன் சிநேகிதிகளுக்குச் சொல்லியிருந்தார். அவர்கள் தங்கள் சிநேகிதிகளுக்குச் சொன்னார்கள். மேற்குத் தீவு என்கிற நகரத்தின் மேற்குப் பகுதி முழுவதும் ஒல்லாந்துக் குடும்பங்களின் கதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொருவரிடமும் அக்கா முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "இதிலை ஆர் இருக்கிறது?" அதைக் கேட்டறிந்த பிறகுதான் துணியை எடுப்பார்.

போன மாதம் றொஷினி வேலைக்குக் கிட்டவாகத் தனி வீடு எடுத்துப் போனாள். தாய் கொடுத்தது, அந்த மூன்று துண்டுச் செற்றியை. இந்த முறை படியில் நாங்கள் சிக்கவில்லை. ஒரு கிழமை கழித்து நான் அக்காவின் கராஜில் நின்றபோது அவளுடைய தொலைபேசி வந்தது. நண்பர்கள் வந்த இடத்தில் செற்றி முழுக்கக் கோப்பி கொட்டிவிட்டதாம். பிள்ளை அரைவாசி பிரெஞ்சிலும் அரைவாசி தமிழிலும் அழுதுகொண்டிருந்தாள்.

அக்கா வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"எத்தினை பேர் வந்தவை?"

அவள் ஏதோ சொன்னாள்.

"எல்லாரும் அதிலை இருக்க இடம் காணுமாய் இருந்ததோ? அப்ப சரி. சனிக்கிழமை துணியைக் கழட்டிக் கொண்டு வா."