நோலாவின் கீழ்ச்செட்

ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான வில்கார்ராவில் வருஷாவருஷம் நடக்கும் விவசாயக் கண்காட்சியில், சர்க்கரைப் பாகைக் காய்ச்சி இறுக்கிச் செய்யும் டாஃபி மிட்டாய்ப் போட்டிக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே நடுவர் நோலாதான். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் பின்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பவள் நான். அதனால் அவள் வாய்க்குள் நடந்ததெல்லாம் எனக்கு அத்துப்படி.

அங்கே இருந்தது நாற்பத்தொரு வருஷத்துப் பல்செட். மேல்செட் அண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ மரியாதையாக இருந்தது. கீழ்ச்செட்தான் அடங்காப்பிடாரி. ஆரம்பத்தில் பசையே இல்லாமல் நின்றதாம். பிறகு கடுகளவு பசை கேட்டது, அப்புறம் பட்டாணியளவு. தொண்ணூற்றெட்டாம் வருஷம் வந்தபோது, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது மாதிரி தடவிக்கொண்டிருந்தாள். பல்செட் செய்யும் கெவின் நேராகவே சொல்லிவிட்டான்.

“செட்டு அப்படியேதான் இருக்கு, நோலா. உங்க ஈறுதான் கரைஞ்சுக்கிட்டே போகுது. புதுசா ஒண்ணு செஞ்சுக்கோங்க.”

“புருஷனே போய்ச் சேந்துட்டான், இது இன்னும் என்கூட இருக்கு. இதைப் போய் மாத்தச் சொல்றியே!”

கமிட்டிக் காரியதரிசி டல்சிக்கு அந்த நடுவர் நாற்காலிமேல் ரொம்ப நாளாகவே கண். போன வருஷம் நோலா டாஃபியைக் கடிக்காமல் சப்பியதைப் பார்த்துவிட்டாள். நல்ல டாஃபி பல்லில் பட்டதும் ‘டக்’கென்று உடைய வேண்டும், அந்தச் சத்தத்துக்குத்தான் பாதி மதிப்பெண். கடிக்க முடியாத நடுவர் எழுந்து போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, இந்த வருஷம் நோட்டும் கையுமாக எதிரிலேயே வந்து உட்கார்ந்தாள்.

“அந்த நாற்காலியும் போச்சுன்னா இந்த ஊர்ல யாருடி என்கிட்ட அபிப்பிராயம் கேப்பாங்க?” என்று நோலா என் காதில் முணுமுணுத்தாள். நான் பசை டியூபை அவள் பையில் திணித்தேன்.

மூன்று தட்டு ‘டக், டக், டக்’. நாலாவது தட்டைச் செய்த புண்ணியவதி பாகின் பதத்தைக் கோட்டை விட்டிருந்தாள். நோலா கடித்தாள். சத்தமே இல்லை. இழுத்தாள். டாஃபியோடு கீழ்ச்செட்டும் வெளியே வந்து இளித்தது. சட்டென்று கைக்குட்டையால் மூடிக்கொண்டாள்.

“என்ன நோலா, சத்தத்தையே காணோம்?” என்றாள் டல்சி.

நோலாவால் வாயைத் திறக்க முடியுமா? தட்டை டல்சி பக்கம் தள்ளி, ‘நீயே கடித்துப் பார்’ என்று சைகை காட்டினாள். டல்சி, அறுபது வயதிலும் தன் பல் எல்லாம் சொந்தப் பல் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறவள். பெருமையாகக் கடித்தாள், இழுத்தாள். அவள் கண் பிதுங்கியது. மேல்செட்டும் கீழ்ச்செட்டும் ஜோடியாக வெளியே வந்தன.

நான் கொட்டகைக் கூரையை ரொம்ப அக்கறையாகப் பார்த்தேன். பிறகு இரண்டு தேநீர்க் கோப்பைகளில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, செட்டை ஊறப்போட ஆளுக்கொன்றாக வைத்தேன். டாஃபி கரைகிற வரைக்கும் இருவரும் பொக்கை வாயோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“உனக்குமா டல்சி?”

“பத்தொம்பது வயசுல. எங்கப்பா எனக்குச் செஞ்ச கல்யாணச் சீரே இதுதான். எல்லாத்தையும் பிடுங்கி செட்டு போட்டு அனுப்பிட்டா, மாப்பிள்ளைக்குப் பல்லு செலவு இருக்காதாம்.”

“எங்க வீட்டுலயும் அதேதான். எனக்கு நாலு கெட்டிருந்துச்சு. உனக்கு எத்தன?”

டல்சி கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒண்ணுகூட இல்ல.”

எனக்கு, எப்போதோ செத்துப்போன அந்த அப்பாக்கள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நோலா இன்னொரு நாற்காலியைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

“வந்து உக்காரு. இன்னும் ஆறு தட்டு இருக்கு. ரெண்டு பேரும் சப்பியே பாக்கலாம்.”