கெமிக்கலே இல்லாத சோப்பு

போன மாதம் பெரிய காஞ்சிபுரத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில் சோப்பு செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு வசந்தா கூப்பிட்டாள் என்று நானும் போனேன்.

வசந்தா தறி நெய்கிறவள். கை சொரசொரப்பாக இருந்தால் பட்டு இழை அதில் மாட்டிக்கொள்ளும். கைக்கு இதமாக ஒரு சோப்பை நாமே செய்துகொண்டால் என்ன என்று அவளுக்கு ஆசை. நியாயமான ஆசைதானே?

சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். தன்னைத் தானே 'இயற்கை நிபுணர்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். வேறு யாரும் அப்படிச் சொல்ல முன்வரவில்லை போலிருக்கிறது.

"இதுல கெமிக்கல்ங்கிற பேச்சுக்கே இடமில்லைம்மா" என்றபடியே காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொட்டினார். அது என்ன, கற்கண்டா?

எண்ணெயையும் காஸ்டிக் கரைசலையும் அடுப்பில் வைத்துக் கிளறக் கிளற, மசித்த உருளைக்கிழங்கு மாதிரி இறுகிவிட்டது. அதை இளக்கி, அச்சில் ஊற்றுகிற பதத்துக்குக் கொண்டுவரத்தான் தயிரும், சோடியம் லாக்டேட் என்கிற திரவமும். தயிரைப் புளிக்கவைக்கிற லாக்டிக் அமிலத்திலிருந்து கிடைக்கிற உப்பின் கரைசல் அது. முறை நல்ல முறைதான். அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகு, கடைந்த தயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அவர் எங்களுக்குக் கொடுத்த தாளிலேயே அப்படித்தான் இருந்தது. அவர் அதைப் படித்திருக்கவில்லை... அவ்வளவுதான் விஷயம்.

பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ள வசந்தாவை மேடைக்குக் கூப்பிட்டார். அவர் கூடவே வந்திருந்த வீடியோக்காரர் கேமராவை மேடைப் பக்கம் திருப்பினார். உடனே மனிதருக்கு வேகம் வந்துவிட்டது — அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மொத்தத் தயிரையும் கவிழ்த்தார். சோப்பு குபுகுபுவென்று பொங்கி வசந்தாவின் வலது கையில் வழிந்தது.

"எரியுதுக்கா..." என்று துடித்தாள்.

"பயப்படாதீங்க, மேல தயிரைத் தடவுங்க. ஆசிட் காஸ்டிக்கை அடிச்சிடும்" என்றார் நிபுணர். அவளைப் பார்த்து அல்ல, கேமராவைப் பார்த்து.

நான் அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். கொட்டுகிற தண்ணீரில் கையை நெடுநேரம் பிடித்திருந்தோம்.

"இந்தக் கையாலதான்கா நாடா தள்ளி இழை போடணும். பாதிப் புடவை தறியில நிக்குது" என்று அழுதாள்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது பையை எடுக்க உள்ளே வந்தோம். மேடையில் விளக்கம் நடந்துகொண்டிருந்தது.

"உங்க ஊர்த் தயிர் ரொம்பப் புளிப்பும்மா. அதான் பொங்கிடுச்சு."

வசந்தா நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"தயிரு எங்க ஊர்துதான் சார். ஊத்துன கை உங்களுது."

முன்வரிசையில் இருந்த பெண் ஒருத்தி, "வாம்மா, நானும் கூட வரேன்" என்று எழுந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள். வீடியோக்காரர் யாரைப் படம் பிடிப்பது என்று தெரியாமல் விழித்தார்.

தோல் உரிந்து, காயம் மெல்ல ஆறியது. அதுவரை அவள் கணவர்தான் தறியில் உட்கார்ந்தார். "நீ கையைப் பாத்துக்கினு இரு, புடவைய நான் முடிச்சிடுறேன்" என்றவர், முடித்தும் கொடுத்தார். இப்போது வசந்தா மறுபடி நெய்கிறாள்.

நிபுணருக்கு அடுத்த வாரம் வேலூரில் வகுப்பாம். காஸ்டிக் சோடாவுக்கும் கரையாத தோல் சிலருக்குத்தான் வாய்க்கிறது.