தலைப்புகள் மட்டும் எழுதிக் கொடுத்தவர்

மலையடிப் பட்டணத்துப் பதிவுக் கந்தோரில் இருந்த அந்த ஒல்லிக் கிளாக்கருக்கு ‘இல்லை’ என்று வாயால் சொல்லத் தெரியாது. பிறப்புப் பதிவு கிடைக்காவிட்டால், அடிமட்டத்தால் கோடு போட்டு, பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, தோட்டம் என்று முத்து முத்தாகத் தலைப்பு எழுதி, கீழே வெறுமையாக விட்டு முத்திரை குத்தித் தருவார்.

பிரஜாவுரிமை மனுவுக்காகப் பிறப்புப் பதிவு கேட்டுப் போன எனக்கும் அதுதான் கிடைத்தது. காலைப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகாமல், திம்புள்ளத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்ததற்கு நல்ல பரிசு!

“ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்குங்கய்யா இவ்வளவு அழகா கோடு?”

அவர் நிமிரவில்லை. “சும்மா ‘இல்லே’ன்னு சொன்னா, தேடவே இல்லேம்பாங்க. எதையெல்லாம் தேடுனேன்னு இதுல இருக்கு. கொண்டு போங்க.”

மனு வாங்குகிற பெரிய கந்தோரில் எனக்கு முன்னால் நின்றவரை, “தேடிப் பாத்ததுக்கு என்ன அத்தாட்சி?” என்று விரட்டினார்கள். என் வெறுந்தாளைப் பார்த்ததும் மரியாதையாக மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஆறு வருஷமாக அங்கிருந்து ஒரு வரி இல்லை. எனக்கு உரிமை இல்லை என்பதையாவது கோடு போட்டு எழுதித் தர, அவ்வளவு பெரிய கந்தோரில் ஓர் அடிமட்டம் இல்லை போலும்.