ரேடியேட்டரில் என் பெயர்

எங்கள் பழைய பிக்கப் வண்டி இன்றைக்கும் திருவாதவூர் ரோட்டில் கொதித்து நின்றுவிட்டது.

"வித்துத் தொலைப்போம்மா" என்றான் மகன்.

எனக்கு மனசு வரவில்லை. மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு, வேறு ரேடியேட்டர் வாங்க வில்லாபுரம் கடைக்குப் போனேன்.

பிளாஸ்டிக் வைத்தது ஒன்று காட்டினார்கள், முழுச் செம்பில் ஒன்று. குடம் வாங்குவதுபோல் தட்டிப் பார்த்துச் செம்பையே எடுத்தேன்.

"தம்பி, பேர் வெட்டிக் குடுங்க."

கடைக்காரர் பதறிவிட்டார். "ஆத்தா, இதென்ன பாத்திரமா? ஓட்டை விழுந்துரும்!"

"செம்பை யாராச்சும் பேர் வெட்டாம வாங்குவாகளா? ஓரத்துல வெட்டுங்க."

வெட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் வண்டி கொதிக்காமல் வீடு வந்தது. மகன் பானெட்டைத் திறந்து பார்த்தான்.

"வண்டி எம்பேர்ல, ரேடியேட்டர் ஒம்பேர்லயா? இனி இத எவன்மா வாங்குவான்?"

வாங்க ஆசைப்படுகிறவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள். ரேடியேட்டரோடு நானும் வருவேன்.